முதலிலிருந்து தொடங்கவும்

முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்து திட்டு வாங்கிய ஒரு மனிதரைப் போலீஸ் பயிற்சிக் கல்லூரி வேலைக்கு எடுத்தது. எதற்கு? பயிற்சிக் காவலர்கள் அவரைக் கோபப்படுத்திப் பழகுவதற்கு. எடுத்தவர்கள் அவருடைய அனுபவச் சான்றிதழைப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர்கள் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கீழே விழுந்தால் உடைய மாட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குமாஸ்தாவுக்கு ஆபீசில் ‘கல்லு’ என்று பேர். குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் புழு பார்த்தவர்கள், வாரியம் தோண்டிப் போட்ட பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றிக் கவுண்டர் மேலேயே வைத்தார். குமாஸ்தா செருப்பைப் பார்த்துவிட்டு, “எந்தத் தெருவுங்க?” என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார். படிவத்தில் நாலு கட்டம். தங்கள் கஷ்டம் நாலு கட்டத்துக்குள் அடங்காதவர்கள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுவார்கள், பிள்ளையின் காய்ச்சல் வரைக்கும். “அதுக்குப் படிவத்துல இடமில்லைங்க” என்று அவரும் அதே குரலில் சொல்லி வாங்கி வைப்பார். அதற்கும் ஒரு திட்டு விழும்.

வேலைக்கு வழி பார்த்தது மகன். அவன் அந்தக் கல்லூரியில்தான் பயிற்சிக் காவலன்; விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மத்தியானம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதை அவனால் பார்க்க முடியவில்லை.

“ஒண்ணும் கஷ்டமில்லப்பா. சும்மா பஸ் ஸ்டாப்புல நிக்கணும். சந்தேக நபரா நடிக்கிறது.”

“யாருக்குச் சந்தேகம்?”

“எங்களுக்குத்தான்.”

“அப்ப நான் நடிக்க வேண்டியதில்லையே. நீங்கதானே நடிக்கணும்?” என்று கேட்டார் அப்பா. மகன் சிரித்தான். அந்தக் கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை என்பது ரெண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு நாடக நடிகர். காவலர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓ என்று கத்திக்கொண்டு பாய்வார். அவர் இருந்த ரெண்டு வருஷமும் எல்லாரும் முழு மார்க். மூன்றாவது விலா எலும்பு போனதும் விலகிக்கொண்டார்.

கல்லூரிக் கூடத்துக்குள் ஒரு தெருவையே கட்டி வைத்திருந்தார்கள். பலகையில் வரைந்த கடைகள், திறக்காத கதவுகள், எஞ்சின் இல்லாத ஒரு கார், நிஜமான ஒரு விளக்குக் கம்பம், நிஜமான ஒரு பஸ் ஸ்டாப் பெஞ்சு. குமாஸ்தா கையில் ஒரு துணிப்பையோடு அங்கே நிற்க வேண்டும். “நீங்க நீங்களாவே இருங்க. சாதாரண மனுஷன் எப்படி நடந்துக்குவானோ அப்படி” என்றார் பயிற்சியாளர். கழுத்தில் விசில், பேச்சுக்குப் பேச்சு விசில். பயிற்சிக் காவலர்கள் வைத்த பேரும் விசில்தான்.

கோபமூட்டுவது என்கிற வார்த்தை பாடப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. அதையெல்லாம் அச்சில் போடுவதற்கு அவர்கள் என்ன விவரம் கெட்டவர்களா? ‘மறைந்திருக்கும் எதிர்ப்பை வெளிக்கொணர்தல்’ என்று ஒரு பாடம் இருந்தது. எல்லா மனிதருக்குள்ளும் ஒரு எதிர்ப்பு ஒளிந்திருக்கிறதாம். கெட்டிக்காரக் காவலர் அதை வெளியே வரவழைப்பாராம். வரவழைத்து, பிறகு அடக்குவாராம். முள்ளை எடுத்துக் காட்டுவதற்காக முதலில் முள்ளைக் குத்திவிடுகிற வைத்தியம்.

மதிப்பெண் தாளும் அப்படித்தான். அணுகுமுறைக்கு ஐந்து, குரலுக்குப் பத்து, எச்சரிக்கைக்கு ஐந்து, எதிர்ப்பை அடக்குவதற்கு இருபது, விலங்கு மாட்டுவதற்கு ஐந்து, சம்பவ அறிக்கைக்கு ஐந்து. மொத்தம் ஐம்பது, தேற முப்பத்தைந்து. சந்தேக நபர் எதிர்க்கவே இல்லை என்றால்? அதற்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘நபர் ஒத்துழைக்கும் பட்சத்தில் முதலிலிருந்து தொடங்கவும்.’

அவர் வந்து நின்ற முதல் நாளே கல்லூரிக்குத் தலைவலி ஆரம்பமாயிற்று. முதலில் வந்த பையன் மூக்குக்கு மூக்கு இடிக்கிற மாதிரி வந்து நின்று, “யோவ், என்னய்யா இங்க நோட்டம் பார்க்கிற? மூஞ்சியைப் பார்த்தாலே திருட்டு முழி” என்றான்.

“பஸ்ஸுக்கு நிக்கிறேங்க” என்றார் குமாஸ்தா.

“பையில என்ன?”

“பாருங்க” என்று பிரித்துக் காட்டினார்.

விசில் ஊதியது. முதலிலிருந்து. அன்றைக்கு மட்டும் நாற்பத்தோரு முதலிலிருந்து. ஒருத்தன் பையைத் தரையில் கொட்டினான். குமாஸ்தா குனிந்து பொறுக்கிக்கொண்டு, “தரை வழுக்குதுங்க, பார்த்து” என்றார். ஒட்டகம் என்று கூப்பிடப்பட்ட நெட்டைப் பையன் ஒருத்தன் அரை மணி நேரம் திட்டித் தொண்டை கட்டி, கடைசியில் அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தான். வீட்டில் அம்மாவிடம் கீழ்வீட்டுக்காரன் தினம் சண்டைக்கு வருகிறான், என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று புலம்பினான். குமாஸ்தா யோசனை சொன்னார். பையன் முகம் தெளிந்து எழுந்து போனான். ஒரு தெருவில் ஒரு காவலரும் ஒரு சந்தேக நபரும் சந்தித்து, ரெண்டு பேருமே நல்லபடியாகப் பிரிந்தார்கள். மார்க் பூஜ்யம்.

மகனின் முறை வருவதற்குள் சாயந்திரமாகிவிட்டது. விசில் குமாஸ்தாவைத் தனியே கூப்பிட்டார்.

“சார், நீங்க இங்க சந்தேக நபரா வந்தீங்களா, பஞ்சாயத்து பண்ண வந்தீங்களா?”

“நீங்கதான் நான் நானாவே இருக்கணும்னு சொன்னீங்க.”

“சாதாரண மனுஷனுக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்கும்ல?”

“இருக்குங்க. ஆனா அந்தப் பசங்க பாடத்தை ஒப்பிக்கிறாங்க. அதுக்கெல்லாம் எப்படிக் கோபம் வரும்?”

விசில் தலையில் அடித்துக்கொண்டார். “பத்து மாசமா இவங்களை வளர்த்திருக்கேன் சார். உங்க ஒருத்தரால பதிமூணு பேரும் வீட்டுக்குப் போயிடுவாங்க போலிருக்கு. அதுல உங்க பையனும் ஒருத்தன், ஞாபகம் இருக்கட்டும்.”

அந்தக் கடைசி வரி மட்டும் குமாஸ்தாவைத் தொட்டது. மகனுக்கு இருபத்தாறு வயசு. வயசு வரம்பின் கடைசிப் படி. இரண்டு முறை உடல் தேர்வில் வெளியே வந்தவன், மூன்றாவது முறையாக உள்ளே போயிருக்கிறான். இந்தச் செய்முறைத் தேர்வில் தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கப்புறம் இந்த உடுப்பு அவனுக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

வீட்டில் ரெண்டே பேர். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். அப்பா சமைப்பார், மகன் பாத்திரம் கழுவுவான். தண்ணீர், பஸ், செருப்புக் கடிப்பது என்று எல்லாம் பேசுவார்கள். அம்மா போன அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பரீட்சையில நான் நின்னா, ஒரே ஒரு தள்ளு தள்ளிட்டுப் போங்கப்பா” என்றான் மகன், தட்டைத் துடைத்துக்கொண்டே.

“நீ மரியாதையா கேளு, நான் மரியாதையா பதில் சொல்றேன். எதுக்குடா தள்ளணும்?”

“மரியாதைக்கு மார்க் இல்லப்பா.”

பொய்யாகத் தள்ளுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மகன் பெட்டியோடு திரும்பி வருவதும் பிடிக்கவில்லை. கல்லு என்று பேர் வாங்கியவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல வேளையாக, விசிலே ஒரு வழி கண்டுபிடித்தார். தேர்வு நாளுக்குக் குமாஸ்தாவை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, சந்தேக நபராகக் கல்லூரிச் சமையல்காரரை நிறுத்தினார். என்ன பொருத்தம்! அந்த மனிதரிடம் மற்ற எதைச் சொன்னாலும் சிரிப்பார்; சாப்பாட்டில் உப்பில்லை என்றால் மட்டும் ரத்தம் தலைக்கு ஏறிவிடும். இந்த ரகசியம் கல்லூரி முழுக்கத் தெரியும். காலையில் ஒவ்வொருத்தராக வந்து, பேர் கேட்டு, பை கேட்டு, பிறகு உப்பைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார்கள். சமையல்காரர் பாய்ந்தார், விழுந்தார், விலங்கு மாட்டப்பட்டார், எழுந்தார். மேலதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, “அருமையான பேட்ச்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது ஆளாக வந்த ஒட்டகம் அடக்கிய அடக்கில் சமையல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாக்கி ஒரே ஒருத்தன். பதிமூன்றாம் எண். குமாஸ்தாவின் மகன்.

விசில் சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, அது என் அப்பா” என்றான் மகன்.

“தெருவுல அப்பா சித்தப்பான்னு பார்த்தா வேலை நடக்குமா? போ.”

குமாஸ்தா போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். மகன் நடந்து வந்தான். உடுப்பில் அவனை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. அதை மறைக்க முடியாமல் லேசாகச் சிரித்துவிட்டார்.

“ஐயா, வணக்கம். எங்க போகணும்?” என்றான் மகன்.

“குரல்!” என்றார் விசில்.

மகன் ஒரு அடி முன்னால் வந்தான். “யோவ். பேரு என்னய்யா?”

பிறந்ததிலிருந்து அப்பா என்று கூப்பிட்ட வாய். குமாஸ்தா பேரைச் சொன்னார். பையைக் காட்டச் சொன்னான், காட்டினார். திருட்டு முழி என்றான். வயசானதால அப்படித் தெரியுதுங்க என்றார். விசில் ஊதியது. முதலிலிருந்து.

ரெண்டாவது முறை பையைத் தட்டிவிட்டான். அப்பா குனிந்து எடுத்தார். மகனின் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்தார், துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. விசில் ஊதியது. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இதான் கடைசிப் பையனா? இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது முறை மகன் மெதுவாக வந்தான். கத்தவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“ஆஸ்பத்திரியிலேருந்து மூணு மணிக்கு போன் வந்துச்சு உனக்கு. இன்னும் பதினோரு பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு சொன்னியாம். அம்மா நாலே முக்காலுக்குப் போயிட்டா. நான்தான் பக்கத்துல இருந்தேன். அப்பா எங்கடா, அப்பா எங்கடான்னு என்னையே கேட்டா. எனக்குப் பதினாலு வயசு. நீ அஞ்சரைக்கு வந்தே. பேனா சட்டைப் பையில அப்படியே இருந்துச்சு. நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

இது பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி.

குமாஸ்தா பெஞ்சு இருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் துடைக்கவில்லை, வருவதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ஒட்டகம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

விசில் மதிப்பெண் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார், மேலதிகாரியிடம் போய் ஏதோ கேட்டார், திரும்பி வந்தார்.

“அழுகை எதிர்ப்புல வராது. முதல்லேருந்து.”

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அந்த மனிதர் கெட்டவரும் இல்லை; வீட்டில் அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கையில் தாள் இருந்தது, தாளில் அப்படி இருந்தது.

மகன் விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்பி வந்தான். குமாஸ்தா எழுந்து நின்றார். “யோவ், பேரு என்ன?” என்றான். சொன்னார். “பையில என்ன?” காட்டினார். இனி அவன் அடுத்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலேருந்து என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், முடித்தும் அப்பா தள்ளாவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும், மறுபடியும். பதினாலு வயசுப் பையன் அந்தக் கட்டில் பக்கத்தில் எத்தனை முறைதான் போய் நிற்பான்?

அப்பா கையை நீட்டி மகனின் நெஞ்சில் வைத்தார். லேசாகத் தள்ளினார். கூட்டமான பஸ்ஸில் இறங்குகிறவர்கள் இதைவிடப் பலமாகத் தள்ளுவார்கள்.

மீதியை மகனின் உடம்பு செய்தது. பத்து மாசம் பழகிய உடம்பு. கை மடங்கியது, முட்டி முதுகில் ஏறியது, கன்னம் தரையில் பட்டது, தோளில் எதுவோ ‘டக்’கென்று விலகியது. “எதிர்க்காதே! எதிர்க்காதே! எதிர்க்காதே!” என்று மூன்று முறை கத்தினான். சாட்சிகளுக்குக் கேட்க வேண்டும் என்று மூன்று முறை கத்தச் சொல்லித்தான் பாடம். அடியில் கிடந்தவர் மூச்சைத் தவிர வேறெதையும் விடவில்லை. விலங்கையும் சரியாக மாட்டினான்.

கூடம் கைதட்டியது. மேலதிகாரி எழுந்து நின்றே தட்டினார்.

முதலுதவி அறையில் நர்ஸம்மா தோளை இழுத்து இடத்தில் உட்கார வைத்து, வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் சமையல்காரர் முனகிக்கொண்டிருந்தார். மகன் உள்ளே வந்தான். கையில் சம்பவ அறிக்கை. சந்தேக நபராக நின்றவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி ஐந்து மார்க்கும் சேரும்.

“ரொம்ப வலிக்குதாப்பா?”

“இல்லடா.”

வாங்கிப் படித்தார். படிவம் படிப்பது அவருக்குப் புதுசா? நாலு கட்டம். இடம், நேரம், நபரின் நடவடிக்கை, காவலரின் நடவடிக்கை. மூன்றாவது கட்டத்தில் மகனின் அழகான கையெழுத்தில் இருந்தது: ‘நபர் எவ்விதத் தூண்டுதலும் இன்றி என் மார்பில் கைவைத்துத் தள்ளினார்.’

“நான் தள்ளுறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொன்னியே. அது இதுல இல்லையே?”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். “அதுக்குப் படிவத்துல இடமில்லப்பா.”

அது குமாஸ்தாவுடைய வார்த்தை. அவருடைய குரல்கூட. முப்பத்தொரு வருஷம் கம்பிச் சன்னலுக்கு உள்ளே இருந்து அவர் சொன்னது, இப்போது வெளியே நின்று கேட்கும்போதுதான் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. பெரிய அவமானமாக இருந்தது.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தை மேலே வைத்து நீட்டினார்.

“இதுல எழுது.”

“அப்பா, எழுதினா எல்லாம் போயிடும்.”

“தள்ளினது உனக்காகடா. இது எனக்காக. நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. நடந்தது எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்.”

மகன் கட்டிலின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினான். ரொம்ப நேரம் எழுதினான். மூணு மணி, பதினோரு பேர், நாலே முக்கால், பேனா எல்லாம். கடைசியில், ‘இதைக் கேட்டு நபர் அழுதார். அவர் தள்ளியது நான் மறுபடி சொல்லக் கூடாது என்பதற்காக’ என்று எழுதிவிட்டு முகத்தை உடுப்பின் கையில் துடைத்தான். அப்பா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

விசில் வந்து தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். நாலு கட்டமும் நிரம்பியிருந்தது, கையெழுத்தும் இருந்தது. அங்கேயே ஐந்து போட்டு, மொத்தத்தில் ஐம்பதுக்கு ஐம்பது என்று வட்டம் போட்டு முத்திரை குத்தினார். “முதல் ரேங்க்” என்று மகனின் தோளில் தட்டினார். “அடுத்த பேட்ச்சுக்கு நீயே வந்து ஒரு வகுப்பு எடுக்கணும். அந்த நுணுக்கம் இருக்கு பாரு, அதைப் பாடத்துல சேர்த்துடலாம்.” சொல்லிவிட்டுத் தாளைக் கோப்புக்குள் செருகிக்கொண்டு போனார்.

மகன் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். கட்டுப் போட்ட கை நடுவில் இருந்ததால் மூன்றாவது பொத்தான் எட்டவில்லை. இரண்டு முறை முயன்றான்.

“அதை யாராவது படிப்பாங்களாப்பா?”

“மாட்டாங்கடா” என்றார் குமாஸ்தா. “முப்பத்தொரு வருஷத்துல நான் ஒண்ணைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்ல.”